பதினேழாம் பக்கத்துப் படகு

பூரணி மூன்றாவது தடவையாகத் தண்ணீர் குடிக்க எழுந்தாள். தாகம் ஒன்றும் இல்லை. உட்கார முடியவில்லை.

கணினித் திரையில் பதினேழாம் பக்கம் திறந்தே கிடந்தது.

சஞ்சிகையின் பெயர் 'ஆழ்கலம்'. கடலில் மூழ்கிய கப்பல்களையும் அவற்றின் சரித்திரத்தையும் பேசுவதற்கென்றே கொழும்பில் புதிதாகத் தொடங்குகிறார்கள். ஆசிரியை கிருஷாந்தி தானே கடலுக்குள் இறங்கி முக்குளிப்பவள். முதல் இதழை ஹட்டனில், இஸ்ஸதீன் நாநாவின் அச்சகத்தில் அடிக்கக் கொடுத்திருந்தாள். பக்கம் கட்டுவது பூரணியின் வேலை.

ஒரு வாரமாக அந்த வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பாசி பிடித்த நங்கூரங்கள். யுத்த காலத்துக் கப்பலின் புகைபோக்கிக்குள் குடியிருக்கும் மீன்கள். நூறு வருடம் மணலுக்குள் கிடந்தும் கீறல் விழாத ஒரு பீங்கான் கோப்பை. வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கடலை மொத்தமே மூன்று தடவை பார்த்தவளுக்கு எல்லாம் அதிசயமாக இருந்தது.

இன்று காலைதான் கடைசிக் கட்டுரை வந்தது.

கிழக்குக் கடலில் முப்பத்தெட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு மரப்படகு. பழசு இல்லை, இந்தக் காலத்துப் படகுதான் என்று கிருஷாந்தி எழுதியிருந்தாள். உள்ளே வலை இல்லை. ஐஸ் பெட்டி இல்லை. பெரிய சோற்றுப் பானைகள் மட்டும் ஏழு. ஒரு மூலையில், கட்டிய கட்டு அவிழாமல், மூட்டையாக லைஃப் ஜாக்கெட்டுகள்.

மீன் பிடிக்கப் போன படகில் இத்தனை சோறு யாருக்கு என்று கேட்டு முடித்திருந்தாள்.

படத்தின் கீழே ஒரு வரி: 'பெயர் தெரியாத படகு. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.'

படத்தில், படகின் முகப்புப் பலகையில் சிப்பி மூடியது போக இரண்டே எழுத்து மிஞ்சியிருந்தது. 'வேணி'.

நீலவேணி.

அந்தப் பெயரைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய கணவன் யோகேஸ்வரன்தான் சொன்னான். புதுப் படகு, நல்ல எஞ்சின், இருபதே நாளில் ஆஸ்திரேலியா என்றான். வட்டகொடையிலும் சுற்றுத் தோட்டங்களிலுமாகப் பதினான்கு பேர். யாருக்கும் முப்பது வயது ஆகவில்லை. ஸ்டேஷனடியில் பனிக்குள் நின்ற வேனில் ஏறினார்கள். வேன் வளைவில் மறையும்வரை பூரணி கையாட்டிக்கொண்டு நின்றாள்.

அதோடு சரி. ஒருவரிடமிருந்தும் ஒரு போன் வரவில்லை.

கேம்பில் போட்டிருப்பார்கள், பேச விடமாட்டார்கள் என்று லயத்தில் சொல்லிக்கொண்டார்கள். பூரணியும் சொன்னாள். வருடக்கணக்காகச் சொன்னதில் அவளுக்கே அது பாதி உண்மையாகிவிட்டது.

கீழேயிருந்து இஸ்ஸதீன் நாநா குரல் கொடுத்தார். "தங்கச்சி, பிளேட் போடணும். இன்னும் என்ன பாக்கி?"

"ஒரே ஒரு பக்கந்தான் நாநா."

உட்கார்ந்தாள். 'பெயர் தெரியாத' என்பதை அழித்தாள். திரும்ப அடித்தாள். எழுந்து ஜன்னலைத் திறந்தாள். குளிர் அடித்தது. மூடினாள்.

பெயரைப் போட்டால் பதினான்கு வீட்டிலும் ஒரே நாளில் ஒப்பாரி எழும். அதற்குப் பிறகு கேள்வி வரும்.

போடாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வரும்.

காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வேலாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலாயியின் மகன் செல்லசாமியும் அந்த வேனில் போனவன்தான்.

"ராகலையில ஒரு பொண்ணு சொல்றாங்க பூரணி. போட்டோவக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கெழம பேச வர்றாங்க. அவனுக்கும் முப்பத்தஞ்சு ஆகுது, வந்ததும் முடிச்சிடலாம். நீ வந்து எங்கூட இரு புள்ள."

"சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள்.

இப்போது அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். முகம் தெரியாத, ராகலையில் எங்கோ, ஒரு போட்டோவைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கப்போகிற பெண்.

பூரணி போனை எடுத்தாள்.

கிருஷாந்தி உடனே பேசினாள். பூரணி படகின் பெயரைச் சொன்னாள். அது புறப்பட்ட வருடம், மாதம், தேதி சொன்னாள். பிறகு ஆட்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை பிசகாமல், தகப்பன் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும், பதினான்கையும் சொன்னாள். செல்லசாமியின் பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள் போலிருந்தது. மெதுவாகக் கேட்டாள்.

"பூரணி, இதுல உங்கட ஆள் யாரு?"

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மத்தியானச் சாப்பாட்டுப் பையோடு, தலையில் விழுந்த தூறலைத் துடைத்தபடி யோகேஸ்வரன் மேலே வந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் திரையைப் பார்த்தான். பையைக் கீழே வைத்தான்.

பூரணி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கணவனின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எங்க ஆளு யாரும் போகலைங்க. நாங்கதான் ஆள் சேத்து அனுப்புனோம். பேரெல்லாம் எழுதிக் குடுத்தது நான்."