டெஸ்பாட்ச் அக்காவின் ராஜினாமா

"உங்களை மறக்கவே மாட்டோம்க்கா" என்று சொல்லிவிட்டு, வாசல் காவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் டெஸ்பாட்ச் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது முறையாகத் தன் அட்டையைக் கதவில் வைத்தாள். கதவு 'பீப் பீப்' என்று திட்டியதே தவிர, திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிற கம்பெனி அது. பதினான்கு வருடத்தில் அவளையே வெளியே வைத்துப் பூட்டியது இதுதான் முதல் தடவை.

"நான் எங்கண்ணே போறேன்? திங்கட்கிழமை காலையில வேலைக்குத்தானே வந்திருக்கேன்!"

"நீங்க வேலையை விட்டாச்சுன்னு லிஸ்ட்ல போட்டிருக்கே. ஒரு வார்த்தை சொல்லாம போறீங்களேன்னுதான் எனக்கு வருத்தம்."

அதற்குள் மேனேஜர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடியிலிருந்து இறங்கி வந்து, உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டார். முகம் வெளிறிக் கிடந்தது.

"உங்க கம்ப்யூட்டர் திறக்கலம்மா. பிரிண்டர் ஓடல. லேபிள் இல்லாம லாரி நிக்குது. மேல டைரக்டர் என்னைப் போட்டு வறுத்தெடுக்கறார்."

அந்த ஆபீசில் பிரிண்டர் ஒன்றே ஒன்று. அது அக்காவின் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும். அதனால் அவளுடைய கம்ப்யூட்டர் தெருக்குழாய் மாதிரி. யார் வேண்டுமானாலும் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்.

அக்கா நேராகக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஓடினாள். மேனேஜரும் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார். அங்கே இருந்த ஆசாமிக்கு 'ரீஸ்டார்ட்' என்று பெயர். யார் எந்தக் குறையைச் சொன்னாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

"சார், என்னை எதுக்கு மூடி வச்சிருக்கீங்க?"

"நீங்கதான் ராஜினாமா பண்ணிட்டீங்களேக்கா. வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாலே முக்கால் மணிக்கு, உங்க மெயில்லேருந்து. மாடியிலேருந்து ஓகேவும் வந்தாச்சு. காலையிலேயே உங்க அட்டை, மெயில், கம்ப்யூட்டர், எல்லாத்தையும் வரிசையா மூடிட்டேன்." பெருமையாகத்தான் சொன்னார். அவர் குறித்த நேரத்தில் முடித்த முதல் வேலை அது.

அக்காவின் கணவருக்கு வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. இப்போது வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில்தான்.

"நாலே முக்காலுக்கு நான் பல் டாக்டர்கிட்ட வாயைப் பொளந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன் சார்!"

"வாயைத்தானே பொளந்தீங்க? கை சும்மாத்தானே இருந்திருக்கும்?" என்ற ரீஸ்டார்ட், ஏதோ தோன்றியவராய்க் கேட்டார்: "கம்ப்யூட்டரை மூடாமயா கிளம்பினீங்க?"

"மூடினா பிரிண்டர் ஓடாது, மூடவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ரீஸ்டார்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு லேப்டாப் பக்கம் திரும்பினார்.

"லாரி ஏன்யா இன்னும் நிக்குது?" குரல் முன்னால் வர, டைரக்டர் பின்னால் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குப் புருவம் ஏறியது. "ராஜினாமாவா? நான் எப்ப ஓகே பண்ணேன்?"

"நீங்க வர்ற எல்லாத்துக்கும் ஓகே பண்ணுவீங்க சார்" என்றார் ரீஸ்டார்ட்.

"அதைப் படிங்க."

ரீஸ்டார்ட் படித்தார். "நிர்வாகத்தாருக்கு வணக்கம். மேலதிகாரியின் கொடுமை இனியும் தாங்காது. காலை வணக்கம் சொன்னால் உறுமுகிறார். உறுமாத நேரத்தில் கத்துகிறார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை படியேற வைத்ததில் என் முழங்கால் தேய்ந்தே போய்விட்டது. இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்."

அக்கா குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள். அது நன்றாகத்தான் இருந்தது.

மற்றவர்கள் எல்லாரும் மேனேஜரைப் பார்த்தார்கள். அக்காவுக்கு மேலதிகாரி அவர்தானே! மேனேஜர் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"நீயெல்லாம் மனுஷனாய்யா?" டைரக்டர் கத்தியதில் லேப்டாப்பே ஒரு முறை அதிர்ந்தது. "ஒரு பொம்பளையை இந்தப் பாடு படுத்தியிருக்கியே!"

"சார், அது வந்து..."

"பேசாதே!"

"சார், அதை நான் எழு..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"நீங்க பயப்படாதீங்கம்மா. நான் இருக்கேன்."

சத்தம் கேட்டு ஆபீசே கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்ததும் டைரக்டருக்கு நெஞ்சு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இதை எழுதினவங்க வேலைக்கு ஒரு ஆபத்தும் வராது. இது என் வாக்கு. ரீஸ்டார்ட், அந்த ராஜினாமாவை இப்பவே அழிச்சிட்டு, எல்லாத்தையும் திறந்து விடுங்க."

ரீஸ்டார்ட் நான்கு தட்டுத் தட்டினார். அடுத்த அறையில் பிரிண்டர் இருமிக்கொண்டே லேபிளைத் துப்ப ஆரம்பித்தது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மேனேஜர் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். "அழிஞ்சிடுச்சா? நிச்சயமா?"

"சுத்தமா அழிஞ்சிடுச்சு சார்."

மேனேஜர் கர்ச்சீப்பை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு பாக்கியிருக்கு" என்றார் டைரக்டர், விரலை நீட்டி. "கொடுமை பண்ண ஆளு, எழுதினவங்ககிட்ட இத்தனை பேர் முன்னாடி மன்னிப்புக் கேட்கணும். ம், ஆகட்டும்!"

"அப்ப கேளுங்க சார்" என்றார் மேனேஜர். "எழுதினது நான்தான்."