ஓட்டுநரின் சம்மதம்

கதவைச் சாத்திவிட்டு வந்து பேராசிரியை பெரியவரின் கட்டிலருகே அமர்கிறார். முதியவர்களின் முடிவை, வீட்டார் இல்லாத அறையில், அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும் என்று முப்பது ஆண்டுகளாகச் சமூகப்பணி மாணவர்களுக்குக் கற்பிப்பவர். கதவின் அடியில் தெரியும் வெளிச்சக் கீற்றை பெரியவருடைய மகனின் இரண்டு கால்கள் மறைத்துக்கொண்டு நிற்கின்றன. "முதியோர் இல்லத்துக்குப் போறதுல உங்களுக்கு இஷ்டமாங்கய்யா?" பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் சிரிக்கிறார். "இல்லைன்னா நீங்க என்னம்மா பண்ணுவீங்க?" "அப்படியே எழுதுவேன்." "எழுதிட்டு?" மின்விசிறி கிறீச்சிடுகிறது. பேராசிரியை பேனா மூடியைக் கழற்றுகிறார், மறுபடி திருகுகிறார். "எழுதிட்டு நீங்க கிளம்பிடுவீங்க. நான் மாட்டேன்னாலும் அவன் கொண்டுபோய் விடத்தான் போறான். அந்தக் கோவத்துல அப்புறம் எட்டிக்கூடப் பாக்க மாட்டான். சரின்னு தலையாட்டினா மாசம் ஒரு தடவையாவது வருவான். ரிவர்ஸ் எடுக்க முடியாத சந்தும்மா இது." குரலில் தடுமாற்றமே இல்லை. தேதி, கிழமை, மாத்திரைகளின் நிறம் எல்லாவற்றையும் சற்றுமுன் பிசகாமல் சொன்னவர். மடியிலுள்ள சம்மதப் படிவத்தில், தெளிவாக யோசித்து முடிவெடுக்கிறார் என்ற கட்டத்தில் பேராசிரியை டிக் போடுகிறார். அடுத்த கட்டம், சொந்த விருப்பம். பேனா முனை அங்கேயே ஊன்றி நிற்க, மை ஊறிப் பரவுகிறது. "போடுங்கம்மா" என்கிறார் பெரியவர், வயதில் சின்னவளைத் தேற்றுவதுபோல. "ஆசைப்பட்டுத்தான் போறேன்னு ஒரு வரி சேர்த்துக்குங்க. சேர்த்துட்டு கொஞ்சம் சத்தமா படிங்க. அவனுக்குக் கேக்கட்டும்."