வித்துராவுக்குப் போகும் கிளி

கூண்டுக் கதவைத் திறந்து லிங்கம் உள்ளே கையை விட்டபோது பூமாரிக்கு வயிறு எரிந்தது.

இதோ, இப்போது அது தாவி வந்து அவர் கையில் உட்காரும். கொண்டையைத் தூக்கி நிறுத்தும். சீட்டியடிக்கும். பதினோரு மாதமாகத் தினையும் தண்ணீரும் வைத்தவளுக்குக் காட்டாத கொஞ்சலையெல்லாம் அவரிடம் காட்டும். ஏன் காட்டாது? புருஷனின் செத்துப்போன முதல் தாரத்துக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஆயிற்றே.

அவரை வரச் சொன்னதே பூமாரிதான். லிங்கத்துக்கு வித்துராவில் பலசரக்குக் கடை. சரக்கெடுக்க வாரம் ஒருமுறை இங்கே ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு வருவார். போன வாரம் அவருடைய லாரிக்காரனைப் பிடித்து, உங்கள் வீட்டுக் கிளியை நீங்களே வந்து கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். புருஷன் திரவியத்துக்குத் தெரியாது. அவர் மிளகாய் வத்தல் கடையில் இருந்தார். சாப்பாட்டுக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

கிளி என்றால் பச்சைக்கிளி இல்லை. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் காவிப் பொட்டு. அதன் பேர் காக்கடீல் என்று திரவியம் சொல்வார். தெருவில் எல்லாருக்கும் அது சீமைக்கிளி.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆவணியில் பூமாரி இரண்டாந்தாரமாக இந்த வீட்டுக்கு வந்த அன்றே, அடுத்த வீட்டு சுசீலாபாய் அவள் காதோடு சொன்னாள். "அது பழைய ஆள் இருந்த காலத்துக் கிளியாக்கும்."

அதற்குமேல் பூமாரி யாரையும் கேட்கவில்லை. புதுப்பெண் வந்த வீட்டில் போனவளின் பேரை எடுக்கிற வழக்கம் இல்லை. திரவியமும் எடுக்கவில்லை. போட்டோவைக்கூடக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

என்ன பிரயோஜனம்? ஆள்தான் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாளே என்று பூமாரி நினைத்தாள்.

காலையில் கிளி ஒரு மெட்டைச் சீட்டியடிக்கும். குளித்துக்கொண்டே திரவியம் அதைத் திருப்பிச் சீட்டியடிப்பார். அந்த மெட்டை அவள்தான் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று பூமாரி முடிவு கட்டினாள். அடுப்பில் தோசை கருகும்.

சாயங்காலம் அவர் வந்ததும் கிளி தோளில் ஏறிக் கழுத்தைச் சாய்க்கும். அவர் ஒரு விரலால் தடவிக்கொடுப்பார். காப்பி டம்ளரோடு பூமாரி பக்கத்தில் போனால் போதும், கொண்டையைத் தலையோடு படுக்கவைத்துச் சீறும். ஒருநாள் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடப் போனவளின் காதுமடலைக் கவ்விக்கொண்டு தொங்கியது.

"பயந்து போச்சு, பாவம்" என்றார் திரவியம். கிளியைத்தான் சொன்னார்.

பூமாரியும் சும்மா இருக்கவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தினை வைத்தாள். கூண்டின்மேல் பழைய வேட்டியைப் போர்த்தினாள். கொய்யாப்பழம் நீட்டினாள், அது பழத்தை விட்டுவிட்டு விரலைப் பிடித்தது. கடைசியில் தடை விலக வேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். ஓங்கி அடித்தபோது அவள் மனதில் இருந்தது கிளி இல்லை. செத்த பிறகும் புருஷனை விடமாட்டேன் என்கிறாளே, அந்த ஒருத்திதான். தேங்காய் சுக்குநூறாகத் தெறித்தது. மறுநாள் காலையில் கட்டைவிரலில் புதுக் காயம்.

போய்த் தொலையட்டும் என்று ஆளைக் கூப்பிட்டவளுக்கே, இப்போது அது சந்தோஷமாகப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

லிங்கத்தின் கை இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

கிளியின் கொண்டை படுத்தது. ஒரு சீறல். அடுத்த நொடி லிங்கம் கையை உதறிக்கொண்டு வெளியே இழுத்தார். ஆள்காட்டி விரலில் ரத்தம்.

பூமாரி திகைத்துப் போனாள். லிங்கம் திகைக்கவில்லை. விரலை வாயில் வைத்துச் சப்பியபடி இன்னொரு கையால் கூண்டுக் கதவைச் சாத்தினார்.

"இந்தச் சவத்துக் கிளிக்கு இன்னும் கொணம் மாறல்லே, கேட்டியா மோளே. மொதல் கல்யாணத்துக்கு முந்தியே திரவியம் கொச்சியிலே ஒரு கப்பல்காரன்கிட்டே வாங்கின கிளியாக்கும் இது. அவனைத் தவிர ஒருத்தரையும் கிட்டே அடுக்க விடாது. எங்க தங்கச்சிக்க கையைக் கடிச்சுக் கடிச்சுப் புண்ணாக்கிப் போட்டுது. அவளும் இப்படித்தான், கொண்டுபோயிருங்க அண்ணான்னு ரெண்டு தடவை எனக்கு ஆளனுப்பினா. கொண்டுதான் போனேன். ரெண்டு தடவையும் அவன் பின்னாலேயே பஸ் ஏறி வந்து திருப்பி வாங்கிட்டுப் போயிட்டான்."

பூமாரி கூண்டைத் திரும்பிப் பார்த்தாள்.

இதே வீட்டில், இதே நேரத்தில், புருஷனுக்குத் தெரியாமல் அண்ணனை வரவழைத்து ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளைத்தான் இத்தனை நாளும் மனதுக்குள் வைது தீர்த்திருக்கிறோம் என்று நினைக்கப் பூமாரிக்கு வெட்கமாக இருந்தது. பொறாமை என்னவோ போகவில்லை. அது இப்போது முழுக்கக் கிளிமேல் இருந்தது.

இதை எடுக்கவா, வேண்டாமா என்பதுபோல லிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார்.

பூமாரி தானே கூண்டை ஆணியிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தத் தடவை அவங்க வந்து நின்னா கொடுத்திராதீங்க, அண்ணாச்சி. அக்காவே சொல்லி அனுப்பினதா வச்சுக்கிடுங்க."