எதிர்ப்புச் சக்தி

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் உயிரியல் வாத்தியார் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

"இவளுக்கு ஓயாத சளி டாக்டர். ஈறுல ரத்தம் வேற. ஏதோ கிருமி தொத்தியிருக்கு. மத்தபடி எங்க வீட்ல எதிர்ப்புச் சக்திக்குப் பஞ்சமே கிடையாது. கிருமியோட சண்டை போடுறது வெள்ளை அணுக்கள். அதுக்குத் தெம்பு குடுக்க வைட்டமின் சி வேணுமே! அதான் தினமும் காலையில ஆரஞ்சு ஜூஸ். எனக்கோ பசங்களுக்கோ ஒரு தும்மல் கிடையாதுன்னா பாத்துக்குங்க!"

மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவை மறுபடியும் பார்த்தார். "இவங்க உடம்புல வைட்டமின் சி துளிகூட இல்ல சார்."

வாத்தியார் சிரித்தார். "லேப்ல ஆளை மாத்திட்டாங்க போல. ஜூஸ் பிழியறதே இவதான்!"

டாக்டர் அவளிடம் திரும்பினார். "பிழியறீங்க சரி, குடிக்கிறீங்களாம்மா?"

"இவருக்கும் பசங்களுக்கும் ஊத்தினா தீந்துடும்."

"காய்கறி?"

"அவங்களுக்கே சரியா இருக்கும். எனக்கு வெறும் சோறே இறங்கிடும்."

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டதில்லையே."

அவள் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. அவருக்குக் காது மடல் எரிந்தது.

டாக்டர் மருந்துச் சீட்டை நீட்டினார். வாத்தியாரால் தலை நிமிர முடியவில்லை. அவளே வாங்கிக்கொண்டு, அவர் தோளைத் தொட்டாள்.

"எழுந்திருங்க, பசங்க பசியோட வருவாங்க."