துருப்பிடிக்காத சைக்கிள்

1998, மழை ஓய்ந்த கையோடு, அடையாறு வீட்டு மொட்டைமாடியில் வெங்கடரமணன் குழம்பிப்போய் நின்றார். கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களைக் கலந்து அவர் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய பூச்சு, கடற்காற்றில் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. பூச்சு அடித்து வைத்திருந்த இரும்புத் தகடுகள் எல்லாம் துருவேறிக் கிடந்தன.

அதே பூச்சு அடித்த சின்ன சைக்கிள் மட்டும் பளபளவென்று நின்றது.

"ஹம்சா, இதை யாராவது தொட்டாளா?"

துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி தயங்கினாள். "நான்தான். தினமும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கறேன்."

"ஐயோ, என் பரிசோதனையே பாழ்! உன்னை யார் துடைக்கச் சொன்னா?"

"துரு பிடிச்சதும் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடலாம்னு நீங்கதானே சொன்னேள்?" அவள் கையிலிருந்த துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு வந்தாள். "நம்ம குழந்தை ஷ்ரவணை எமனுக்கு வாரிக் குடுத்தாச்சு. அவன் சைக்கிளையுமா குடுக்கணும்?"

வெங்கடரமணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ இதைப் பார்த்துப் பார்த்து அழறியேன்னு அப்படிச் சொல்லிட்டேன். அப்புறம் எனக்கே மனசு கேக்கலை. இது துருப்பிடிக்கவே கூடாதுன்னுதான் ஹம்சா, இந்தப் பூச்சையே பண்ண ஆரம்பிச்சேன்."

தகடுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு சைக்கிளின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த எண்ணெயை எடுத்துண்டு வா."