பாலில்லாத டீ

"மார்புல கட்டிய வச்சுக்கிட்டு ஏழு மாசமா என்னம்மா பண்ணீங்க?" என்று டாக்டர் அந்தோணியம்மாவிடம் எரிந்து விழுந்தார். பக்கத்தில் ஆராய்ச்சி மாணவியான மகள் ரெஜினா தரையைப் பார்த்தபடி நின்றாள். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் கிரீன் டீயின் சத்து புற்றுச்செல்களைக் கொன்ற அன்று போனில் துள்ளியவள் அவள்தான். "எஸ்டேட்டுல நீ பறிக்கிற தேயிலைக் கொழுந்து கேன்சரையே கொல்லுதும்மா!" தட்டு வேறு, உடம்பு வேறு என்று அன்று அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. கட்டியை யாரிடமும் சொல்லாமல், அம்மா கொழுந்தைக் காய்ச்சிப் பாலில்லாமல் குடித்துக்கொண்டே இருந்துவிட்டாள்.

"ஆப்ரேசன்னா பயம் சார்," என்றாள் அந்தோணியம்மா.

"படிக்காத சனத்தோட இதான் ரோதனை."

ரெஜினாவுக்குச் சுருக்கென்றது. படித்த என் பேச்சைக் கேட்டுத்தான் கெட்டாள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் இளம்பச்சையாய் ஊற்றி நீட்டினாள். "குடி பாப்பா. வாய் காஞ்சு கெடக்கு."