கொழுக்கட்ட, எந்திரிங்க

சாவதற்கு முன்பே வடிவு தன் குரலைப் பதிவு செய்து, கணினிக் குரல்களின் பொதுக் கிடங்குக்குக் கொடுத்திருந்தாள். யாரும் அதை இலவசமாக எடுத்து, எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். டவுன் பஸ்ஸில் நிறுத்தங்களைச் சொல்வதுகூட அவள்தான்.

அவள் கணவர் பூதலிங்கத்துக்கு அது போதவில்லை. தனியாக இருக்கும்போது மட்டும் அவள் தன்னைக் கூப்பிட்ட செல்லப் பெயரை அந்தக் குரலில் கேட்க வேண்டும்.

"டைப் பண்ணுங்கப்பா, அம்மா சொல்லுவா" என்றாள் மகள். "ஆனா நீங்க புதுசா பேச வச்சதையும் எல்லாருக்கும் குடுத்துரணும். அதான் ரூல்."

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளதும்மா."

"அம்மா சம்மதிச்சுதானே குடுத்தா?"

கூச்சத்தோடு பல நாள் தள்ளிப்போட்டு, கடைசியில் டைப் செய்தார்.

மறுவாரம் ஒரு விடியற்காலையில், பக்கத்து வீட்டு அலாரத்தில் வடிவு எழுப்பினாள்: "கொழுக்கட்ட, எந்திரிங்க."

அந்த வீட்டில் யாரும் அசையவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் பூதலிங்கம் எழுந்து உட்கார்ந்தார்.

"எந்திச்சுட்டேன்டி" என்றார்.